ஏப்ரலில் நான்கு நாள்: உஷுவாயாவா, புந்தா அரேனாஸா?

தென்னமெரிக்காவுக்கு வேலைக்கு வந்த நம்மவர்கள் ஈஸ்டர் விடுமுறை நெருங்கும்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாலஞ்சு நாள்தான் கையில் இருக்கிறது, இந்தக் கண்டத்தின் தெற்குக் கோடி வரை போய்ப் பார்க்க ஆசை. அர்ஜென்டினாவின் உஷுவாயாவா, சிலியின் புந்தா அரேனாஸா? இரண்டு ஊருக்கும் நான் ஏப்ரலில்தான் போயிருக்கிறேன், வெவ்வேறு வருடங்களில். அங்கே அப்போது இலையுதிர் காலம். டிசம்பர், ஜனவரியில் போய்வந்தவர்கள் சொல்லும் யோசனையில் பாதி ஏப்ரலுக்குப் பொருந்தாது. அதனால் இலையுதிர் காலத்தை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஆசையைக் கைவிட வேண்டும். வரைபடத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்று தோன்றும். பேருந்தில் ஏறினால் கிட்டத்தட்ட 12 மணி நேரம். நடுவில் நாட்டு எல்லை, அப்புறம் மகெல்லன் நீரிணையைப் படகில் கடக்க வேண்டும். கடக்க இருபது நிமிடம்தான் ஆகும். ஆனால் காற்று பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அது எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. நான்கு நாள் விடுமுறையில் ஒரு முழுப் பகலை இதற்குக் கொடுப்பது வீண்.

விமானக் கணக்கு எளிது. புவனோஸ் ஐரிஸிலிருந்து உஷுவாயாவுக்கு நேரடி விமானம், மூன்றரை மணி நேரம் சுமார். சாந்தியாகோவிலிருந்து புந்தா அரேனாஸுக்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். நாடு மாறிப் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள் கரைந்துவிடும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நாடுகளின் விசா விதிகளும் வேறு வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதே பாதி முடிவைச் செய்துவிடுகிறது. மீதிப் பாதியைத்தான் பேச வேண்டும்.

என் மனம் உஷுவாயா பக்கம்தான் சாய்கிறது. காரணம் ஒரு மரம்.

லெங்கா என்று பெயர். தெற்குக் காடுகளில் இலையுதிர்க்கும் மரங்கள் அதிகம் இல்லை. லெங்காவும் அதன் தம்பி போன்ற ஞீரேயும்தான் முக்கியமானவை. இலை ஐந்து ரூபாய் நாணயம் அகலம்தான் இருக்கும். கையில் எடுத்து ஓரத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு இரண்டு நரம்புக்கும் நடுவே சரியாக இரண்டு சிறு வளைவுகள். ஞீரே இலையில் இந்த ஒழுங்கு கிடையாது, கசக்கிப் பிரித்த காகிதம் போல இருக்கும். மார்ச் நடுவில் மலையின் மேல்பகுதியில்தான் நிறம் மாறத் தொடங்குகிறது. குளிர் இறங்க இறங்க மஞ்சளும் ஆரஞ்சும் செம்மண் சிவப்பும் சரிவில் கீழே வருகின்றன. ஏப்ரல் நடுவில் உஷுவாயாவின் கடலோரச் சாலையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் உச்சியில் புதுப் பனி, அதற்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே என்றும் பசுமையான கோயிகூ மரங்களின் கரும்பச்சை, காலடியில் பீகிள் கால்வாய் என்னும் கடல் நீரிணை. இவ்வளவையும் பார்க்க ஊரைவிட்டு எங்கும் போக வேண்டியதில்லை. குறுகிய விடுமுறைக்கு இதைவிட என்ன வேண்டும்?

புந்தா அரேனாஸிலும் லெங்கா உண்டு. ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் மகாயானெஸ் காப்புக்காடு இருக்கிறது. அரை நாள் நடந்தால் நல்ல சிவப்பைப் பார்க்கலாம். ஆனால் அது தாழ்ந்த குன்று. மலை, பனி, கடல் மூன்றும் ஒரே பார்வையில் விழாது. உஷுவாயாவில் மலை கடலிலேயே காலை வைத்து நிற்கிறது.

தேதி விஷயத்தில் கவனம் தேவை. ஈஸ்டர் ஒவ்வொரு வருடமும் நகரும். 2027-இல் மார்ச் 28-லேயே வந்துவிடுகிறது. அப்போது மேல் சரிவுகளில்தான் நிறம் பிடித்திருக்கும். அர்ஜென்டினாவில் இருப்பவர்களுக்கு ஏப்ரல் 2 விடுமுறை நாள், மால்வினாஸ் (ஃபாக்லாந்து) போரில் இறந்தவர்களின் நினைவு தினம். அந்த வருடம் அது வெள்ளிக்கிழமை, அதோடு ஓரிரண்டு நாள் லீவு சேர்த்துப் போவது ஈஸ்டரைவிட மேல். உஷுவாயாவில் அந்த நாளுக்குத் தனி கனம் உண்டு. முந்தைய இரவு மக்கள் கூடி விழித்திருப்பார்கள். பயணியாக அந்தக் கூட்டத்தில் நின்றால் அமைதியாக நில்லுங்கள்.

உஷுவாயாவில் என்ன செய்யலாம்? நகருக்கு மேற்கே தியேரா தெல் ஃபுவேகோ தேசியப் பூங்கா, 1960-இல் ஏற்பட்டது. புவனோஸ் ஐரிஸில் தொடங்கும் 3-ஆம் எண் நெடுஞ்சாலை 3,079 கிலோமீட்டர் ஓடி வந்து இங்கே லப்பத்தாயா வளைகுடாவில் முடிகிறது. எல்லோரும் அந்தப் பலகையருகே படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நான் கரையோர நடைபாதையைத்தான் சொல்வேன். நீரை ஒட்டியே போகும், காலடியில் உதிர்ந்த இலை மெத்தை. நெடுஞ்சாலையிலேயே எதிர்த்திசையில், நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள், எஸ்மெரால்தா ஏரிக்குப் போகும் பாதை தொடங்குகிறது. போக வர ஒன்பது பத்து கிலோமீட்டர். நடுவில் சதுப்பு நிலம்; அங்கே பாசி ஒயின் நிறத்தில் கிடக்கும், மிதித்தால் முழங்கால் வரை உள்ளே போகும். ரப்பர் பூட்ஸ் வாடகைக்குக் கிடைக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாதையில் நரைத்துப்போன மரங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து நிற்பதைப் பார்ப்பீர்கள். மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கு செய்த வேலை. ரோமத் தொழிலுக்காக 1946-இல் கனடாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். வட அமெரிக்க மரங்கள் பல பீவர் கடித்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். லெங்கா அப்படித் துளிர்ப்பதில்லை. அணை கட்டித் தேக்கிய நீரிலும் அது பிழைக்காது. நெருப்பாய் எரியும் சிவப்புக்கு நடுவே அந்தச் சாம்பல் நிறத் திட்டுகளைப் பார்க்கும்போது மனசு கனத்துவிடும்.

மழை பிடித்துக்கொண்டால் சிறை அருங்காட்சியகம். 1902-இல் கட்டத் தொடங்கிய சிறைச்சாலை, 1947-இல் மூடினார்கள். ஒரு பகுதியைப் பழுது பார்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவரில் சாந்து உரிந்து தொங்குகிறது, கம்பளி போட்டுக்கொண்டு நின்றாலும் தரையிலிருந்து குளிர் ஏறுகிறது. கைதிகள் காட்டுக்கு ரயிலில் போய் மரம் வெட்டிவந்தார்கள். அந்த ரயிலின் மறுவடிவம் இன்று சுற்றுலாப் பயணிகளுக்காக ஓடுகிறது. அதற்கு அரை நாள் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து, குழந்தைகள் கூட இருந்தால் வேறு விஷயம்.

சரி, புந்தா அரேனாஸ். 1848-இல் தோன்றிய ஊர். பனாமா கால்வாய் 1914-இல் திறக்கும் வரை இரண்டு பெருங்கடல்களுக்கு நடுவே போன கப்பல்களில் பல இந்த நீரிணை வழியாகத்தான் போயின. அந்தக் காசும் ஆட்டுரோமக் காசும் சேர்ந்து கட்டிய மாளிகைகள் சதுக்கத்தைச் சுற்றி இன்னும் நிற்கின்றன. சாரா பிரவுன் மாளிகை அவற்றில் ஒன்று. அதே ஆட்டுப் பண்ணைகளுக்காகத்தான் இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான செல்க்நாம் மக்களை வேட்டையாடித் தீர்த்தார்கள். மாளிகையைப் பார்த்துவிட்டு சலேசியக் கத்தோலிக்கத் துறவிகளின் அருங்காட்சியகத்துக்கும் போனால்தான் கதை முழுதாகும். சதுக்கத்தில் மகெல்லன் சிலையின் அடியில் உட்கார்ந்திருக்கும் பூர்வகுடி மனிதனின் கால் பெருவிரலைத் தொட்டால் மறுபடி இந்த ஊருக்கு வருவோம் என்பது நம்பிக்கை. எத்தனையோ கை பட்டு அந்த விரல் மட்டும் பளபளவென்று மின்னுகிறது.

ஊர் என்ற அளவில் எனக்கு புந்தா அரேனாஸ்தான் அதிகம் பிடிக்கும். உஷுவாயாவின் கடைத்தெரு பயணிகளுக்காகவே இருக்கிறது. புந்தா அரேனாஸில் மக்கள் தங்கள் பாட்டுக்கு வாழ்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்கு அவசியம் போங்கள். உருட்டிச் செதுக்கிய சைப்ரஸ் மரங்களுக்கு நடுவே குரோவேஷியன், ஆங்கிலம், ஜெர்மன், ஸ்பானிஷ் பெயர்கள். எங்கெங்கிருந்தோ வந்து இங்கே மண்ணானவர்கள். மாலையில் கடற்கரைச் சாலைக்கு வந்தால் பழைய மரப் படகுத்துறையின் உளுத்த கட்டைகளில் நீர்க்காகங்கள் இடைவெளி இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும். காற்று வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன், ஒன்றுகூட இடம் மாறவில்லை.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தத்திலும் கோடையிலும் இந்த ஊரில் அடிக்கும் காற்றுக்குத் தெருமுனைகளில் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டுவார்கள். இலையுதிர் காலத்தில் அது தணிகிறது. இந்த ஒரு விஷயத்தில் ஏப்ரல், ஜனவரியைவிட நல்லது.

ஆனால் பென்குயினுக்காகப் போகிறவர்கள் ஏமாந்துவிடுவார்கள். மக்தலேனா தீவின் மகெல்லன் பென்குயின்கள் மார்ச் இறுதிக்குள் கடலுக்குப் போய்விடும், படகும் நின்றுவிடும். பெரிய அரச பென்குயின்கள் நீரிணைக்கு அந்தப் பக்கம், ‘பயனற்ற வளைகுடா’ என்று பெயர்கொண்ட இடத்தில் வருடம் முழுக்க உண்டு. ஆனால் போய்வர ஒரு முழு நாள் வேண்டும். உஷுவாயா பக்கம் மார்த்தில்யோ தீவில் மகெல்லன் பென்குயின்கள் ஏப்ரல் தொடக்கம் வரை தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகும் கொஞ்சம் ஜென்டூ பென்குயின்கள் மிஞ்சும்.

தோரெஸ் தெல் பைனே பூங்காவைச் சேர்த்துவிடலாமா என்று கேட்பீர்கள். புந்தா அரேனாஸிலிருந்து புவேர்த்தோ நத்தாலெஸ் 250 கிலோமீட்டர், பேருந்தில் மூன்று மணி நேரம். அங்கிருந்து பூங்கா இன்னும் இரண்டு மணி நேரம். ஏப்ரல் நடுவில் சூரியன் எட்டரைக்குத்தான் எழுகிறது, ஏழு மணி வாக்கில் மறைந்துவிடுகிறது. கோபுரங்கள் எனப்படும் பாறைச் சிகரங்களின் அடிவாரத்துக்கு ஏறி இறங்க எட்டு மணி நேரமாவது ஆகும் என்பதால் விடியும்போதே பாதையில் இருக்க வேண்டும். ஆறு நாள் இருந்தால் தயங்காமல் போங்கள். புந்தா அரேனாஸ் விமான நிலையத்திலிருந்தே நத்தாலெஸுக்குப் பேருந்து உண்டு, ஊருக்குள் போக வேண்டியதில்லை. நான்கு நாளில் முயன்றால் பேருந்து ஜன்னல்தான் ஞாபகம் இருக்கும்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்கு இரண்டு ஊரும் சமம்: சென்தோல்யா நண்டு, தணலில் நிறுத்திச் சுட்ட ஆட்டுக்குட்டி. சைவம் என்றால் ‘இறைச்சி இல்லாமல்’ என்று மட்டும் சொன்னால் போதாது, பன்றித் தொடைத் துண்டைப் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அதையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். மாவுக்குள் கீரை அடைத்த எம்பனாதா, வெங்காயமும் சீஸும் நிறைந்த ஃபுகஸேதா பீட்சா உஷுவாயாவில் கிடைக்கும். இன்னொன்று: சிலிக்குள் நுழையும்போது உணவுப் பொருள் அனைத்தையும் படிவத்தில் எழுதித் தர வேண்டும். பழம், விதை, தேன் எதையும் மறைக்காதீர்கள். கறிவேப்பிலையும் முழுக் கொத்தமல்லியும் பையில் இருந்தால் அவற்றையும் சொல்லிவிடுங்கள். அபராதம் கடுமையானது.

ஏப்ரலில் இரண்டு ஊரும் காலியாக இருக்கும். அண்டார்டிகா கப்பல்கள் மார்ச்சோடு முடிகின்றன, பனிச்சறுக்கு ஜூனில்தான் தொடங்கும். சில விடுதிகள் பழுதுபார்க்க மூடிவிடுகின்றன, திறந்திருப்பதில் நல்ல அறை எளிதாகக் கிடைக்கிறது.

நடக்கக்கூடியவர்கள், நான்கு நாள், புவனோஸ் ஐரிஸிலிருந்து என்றால் உஷுவாயாதான். ஒரு நாளைத் திட்டம் இல்லாமல் விட்டு வையுங்கள். எந்த நாள் வெயில் அடிக்கிறதோ அன்று மார்த்தியால் பனிமலைப் பாதைக்கு. சாந்தியாகோவிலிருந்து போகிறவர்கள் புந்தா அரேனாஸில் மூன்று நாள் நிம்மதியாக இருக்கலாம், ஊரே போதும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் எங்கே இருந்து கிளம்பினாலும் புந்தா அரேனாஸைத்தான் சொல்வேன். உஷுவாயாவின் தெருக்கள் கடலிலிருந்து செங்குத்தாக ஏறுகின்றன, காலையில் உறைபனி வழுக்கும். புந்தா அரேனாஸின் நடுநகரம் பெரும்பாலும் சமதரை, உட்கார பெஞ்சுகள் நிறைய. சிந்தி வணிகக் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள், அவர்கள் கட்டிய இந்துக் கோயிலும் இருக்கிறது. கடைகளில் ஒன்றில் விசாரித்து, திறக்கும் நேரம் தெரிந்துகொண்டு போங்கள்.