‘பாரதி’ படம்: உவர்மலையிலிருந்து ஒரு விமர்சனம்
ஞான ராஜசேகரனின் ‘பாரதி’யை (2000) வீட்டில் எல்லாரும் மறுபடி பார்த்தோம். மராத்திக்காரர் பாரதியாரா என்று பெரியம்மா முகம் சுளித்தார். சாயாஜி ஷிண்டே தலைப்பாகையோடு அந்தக் கண்களை உருட்டியதும் பேச்சே இல்லை. எனக்கும் அவர்தான் பாரதி.

படம் முடிய, “யானைதானே அவரைக் கொன்றது” என்றாள் மச்சாள். பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், அது சரியில்லை. 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளிவிட்டது உண்மை. ஆனால் அவர் தேறி, ஜூலை இறுதியில் ஈரோடு கருங்கல்பாளையம் வாசகசாலைக்குப் போய்ப் பேசியிருக்கிறார். செப்டம்பரில் உயிரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. நேசிக்கிற கவிஞர் என்றால் இந்த வித்தியாசம் முக்கியம். பிள்ளைகளுக்குப் படத்தைப் போட்டுக்காட்டும் ஆசிரியர்கள் இதையும் சொல்லுங்கள். அப்புறம், இளையராஜாவின் இசைக்காகவே நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள்.