வேலூர் வெயிலுக்கும் தேநீர் டம்ளருக்கும் தாங்கும் லேப்டாப்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் வேலூரில் பல நாள்கள் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். தன் லேப்டாப்பான மேக்புக் ஏரைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் சூழலோ 10 முதல் 35 டிகிரி வரைதான். காட்பாடியில் மாடி அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர் லேப்டாப் வாங்கும்போது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியது இந்த இடைவெளியைத்தான்.

2020இல் எம்1 சிப்புடன் வந்த மாடலிலிருந்தே மேக்புக் ஏரில் மின்விசிறி கிடையாது. சத்தமில்லை, தூசியை உள்ளிழுப்பதும் இல்லை. ஆனால் அறையே கொதிக்கும்போது நெடுநேரம் கடினமான வேலை கொடுத்தால், சூட்டைக் கட்டுப்படுத்த அந்தச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லெனோவோவின் திங்க்பேடு லேப்டாப் வகைகளில் பெரும்பாலானவற்றில் விசிறி இருப்பதால் வேகம் நீடிக்கும். தெருப்புழுதியை அவ்வப்போது சுத்தம் செய்வதும், மெத்தைமேல் வைத்துக் காற்றுவழியை அடைக்காமல் இருப்பதும் நம் பொறுப்பு. எதுவானாலும் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவரக் கூடாது, ஏனெனில் லித்தியம் பேட்டரியின் ஆயுளை வெப்பம் நிரந்தரமாகக் குறைக்கிறது.

தேநீர் சிந்தும் விஷயத்தில்தான் வேறுபாடு பெரிது. பல திங்க்பேடுகளில் விசைப்பலகை மேல் விழும் நீர் மதர்போர்டைத் தொடாமல் அடிப்பக்கத் துளைகள் வழியாக வடிந்துவிடும். மேக்புக் ஏரில் அந்த வடிகால் இல்லை, திரவச் சேதத்தை அதன் சாதாரண உத்தரவாதமும் ஏற்பதில்லை. வடிகால் இருந்தாலும் உடனே அணைத்துவிட வேண்டும், கவிழ்க்காமல் துளைகள் வழியாகவே வடிய விட வேண்டும். பாலும் சர்க்கரையும் கலந்த தேநீர் வெறும் நீரைவிட மோசமானது, காய்ந்த பிறகும் பிசுக்காக ஒட்டியிருந்து உள்ளே அரிக்கும்.

கீழே விழுந்தால் தாங்குமா என்பதற்கு விளம்பரங்கள் காட்டும் சான்று, அமெரிக்க ராணுவத்தின் எம்ஐஎல்-எஸ்டிடி-810எச் என்ற சோதனைத் தரம். அதன் பல சோதனைகளில் எவற்றைச் செய்வது என்பதை நிறுவனமே தேர்ந்துகொள்ளலாம் என்பதால், அந்தப் பெயரை மட்டும் நம்பி நான் வாங்கமாட்டேன். பானசோனிக் டஃப்புக் 40 ஆறடி உயரத்திலிருந்து விழுவதையும், தூசியையும் நீர்ப்பாய்ச்சலையும் தாங்கும் வகையில் செய்யப்பட்டது. கல்லூரிப் பைக்கு அதன் எடையும் விலையும் மிகையே.

என் தேர்வு திங்க்பேடுதான். பழையதாக வாங்கினாலும், கடையிலேயே அதைத் திருப்பி வடிகால் துளைகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.