விண்டரில போட் பற்றரிக்கு சிடெக் எம்எக்ஸ்எஸ் 5.0 சார்ஜர், பாவிச்சுப் பாத்தவரைக்கும்

இஞ்ச கனடாவில ஒக்டோபர் தாங்க்ஸ்கிவிங் முடிஞ்ச கையோட ஒன்டாரியோவில இருக்கிற லேக் சிம்கோ ஏரிப் பக்கம் போட் எல்லாத்தையும் தண்ணியால தூக்கி வெள்ளை பிளாஸ்டிக் உறை (ஷ்ரிங்க்ராப்) சுத்தத் துவங்கிடுவினம். எஞ்சினுக்கு ஆன்டிஃப்ரீஸ் விடுறது, எண்ணெய் மாத்துறது எண்டு எல்லாத்துக்கும் பாத்துப் பாத்துக் காசு செலவழிக்கிற எங்கட ஆக்கள் பற்றரியை மட்டும் அப்பிடியே போட்டுக்குள்ள விட்டிட்டு வந்திடுவினம், பேந்து மே மாசம் விக்டோரியா டே லோங் வீக்கெண்டுக்குப் பிள்ளையளையும் சாப்பாட்டையும் ஏத்திக்கொண்டு போய் திறப்பைத் திருப்பினா டிக் டிக் எண்டு சத்தம் மட்டும்தான் வரும். உடன புதுப் பற்றரி வாங்க ஓடுறது. ரெண்டு பற்றரி உள்ள போட் எண்டால் அது சின்னக் காசில்லை, அதுவும் நல்லாப் பராமரிச்சா இன்னும் சில வருஷம் ஓடக்கூடிய பற்றரியைத் தூக்கி எறியிறதைப் பாக்க எனக்கு உண்மையிலயே மனம் கேக்கிறேல்லை.

அதாலதான் இந்தச் சார்ஜரைப் பற்றி எழுதுறன். சிடெக் ஒரு சுவீடன் கம்பனி. இது 12 வோல்ட் லெட் அசிட் (ஈயத் தகடும் அசிட்டும் உள்ள) பற்றரிக்கான 5 ஆம்ப் சார்ஜர், 110 ஆம்ப் அவர் (பற்றரி எவ்வளவு கரண்ட் பிடிக்கும் எண்ட அளவு) வரைக்கும் சார்ஜ் பண்ணும், சும்மா பராமரிச்சு வச்சிருக்க எண்டால் 160 வரைக்கும் தாங்கும் எண்டு போட்டிருக்கினம். என்ர போட்டில ஸ்டார்ட்டிங் பற்றரி ஒண்டு, கனநேரம் கரண்ட் குடுக்கிற டீப் சைக்கிள் பற்றரி (குரூப் 27 எண்ட சைஸ்) ஒண்டு, ரெண்டுக்கும் இது தாராளம்.

இதுக்கு முந்தி பெரிய கடை ஒண்டில மலிவா கொஞ்சம் கொஞ்சமா விடாமல் சார்ஜ் ஏத்துற ட்ரிக்கிள் சார்ஜர் ஒண்டு வாங்கி வச்சிருந்தனான், பேர் வேண்டாம். அது பற்றரி நிரம்பினதே தெரியாமல் தள்ளிக்கொண்டே இருக்கும், மார்ச் மாசம் மூடியைக் கழட்டிப் பாத்தா தண்ணி வத்திப்போய் உள்ள தகடு வெளியில தெரியுது. தகடு ஒருக்கா காத்துப் பட்டிட்டா அந்தப் பகுதி பழையபடி வராது. சிடெக்கில எனக்குப் பிடிச்சதே இந்த விஷயம்தான். முன்னுக்கு 1 இல இருந்து 8 வரைக்கும் லைற் இருக்கு, முதல் தகட்டில சல்ஃபேற் உப்புப் படிஞ்சிருந்தா அதை உடைக்கப் பாக்கும், பேந்து முழு 5 ஆம்பில தள்ளும், 14.4 வோல்ட்ஸுக்கு வந்தோண்ண மெல்ல மெல்லக் குறைக்கும், பேந்து நிப்பாட்டிப் போட்டு பற்றரி சார்ஜைப் பிடிச்சு வச்சிருக்குதோ எண்டு தானே சோதிக்கும். 7 ஆவது லைற் வந்தா 13.6 வோல்ட்ஸில ஃப்ளோட், எண்டால் நிரம்பின பற்றரியை அப்பிடியே பிடிச்சு வச்சிருக்கிறது. அதுக்குப் பிறகு 8 ஆவது, அதில பெரும்பாலும் சும்மா இருக்கும், வோல்டேஜ் இறங்கினா மட்டும் ஒரு தட்டுத் தட்டிப்போட்டுத் திரும்பப் பேசாமல் இருக்கும். மாசக் கணக்கில விட்டாலும் எனக்குத் தண்ணி வத்தேல்லை. ஏஜிஎம் (தண்ணி விடத் தேவையில்லாத, மூடின வகை) பற்றரிக்கு 14.7 வோல்ட்ஸ் மோட் தனியா இருக்கு.

ரீகண்ட் எண்டு, இறங்கிப்போன பற்றரியைத் திரும்ப எழுப்பப் பாக்கிற மோடும் இருக்கு, அது 15.8 வோல்ட்ஸ் வரைக்கும் ஏத்தும். அடியோட இறங்கிப்போன, தண்ணி விடுற பற்றரிக்கு மட்டும், அதுவும் போட்டில இருந்து வெளியில எடுத்துப்போட்டுச் செய்யுங்கோ. வயர் பூட்டினபடி செய்தா ரேடியோ, ஃபிஷ் ஃபைண்டருக்கு ஆபத்து.

எந்தச் சார்ஜர் எண்டாலும் ஒரு விஷயம் விளங்கவேணும். முழுச் சார்ஜ் உள்ள பற்றரி மைனஸ் 50 டிகிரியிலயும் உறையாது, ஆனால் சார்ஜ் இறங்கிப்போன பற்றரிக்குள்ள கிட்டத்தட்டத் தண்ணிதான் மிச்சம், மைனஸ் 10 கிட்டவே உறைஞ்சு கோது வெடிச்சிடும். ஒன்டாரியோவில ஜனவரி இரவில மைனஸ் 20 எல்லாம் சர்வசாதாரணம். மாஸ்டர் சுவிட்சை ஓஃப் பண்ணிட்டன்தானே எண்டு இருக்கவும் ஏலாது, ஏனெண்டால் பில்ஜ் பம்ப் (போட் அடியில சேருற தண்ணியை வெளியில இறைக்கிறது) வயர் கனக்க போட்டில நேர பற்றரியிலதான் பூட்டியிருக்கும், கார்பன் மொனொக்சைட் அலாரமும் ரேடியோ மெமரியும் கூட கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். அதால நெகட்டிவ் வயரை முதல் கழட்டி, பற்றரியை வீட்ட கொண்டு வாங்கோ. எங்கட மரீனாவில (போட் விடுற இடத்தில) ஆளில்லாத போட்டுக்குக் கரண்ட் விடமாட்டினம், அதால எனக்கு வேற வழியும் இல்லை.

கராஜில இறக்கேக்க கூட்டாளி ஒருத்தன், "மச்சான், சீமெந்துத் தரையில வைக்காதை, சார்ஜ் இறங்கிடும்" எண்டான். அது பழைய ரப்பர் கோது பற்றரிக் காலத்துக் கதை, இப்ப வாற பிளாஸ்டிக் கோதுக்கு ஒண்டும் ஆகாது. டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமாப் பூத்திருந்தா பேக்கிங் சோடாவைத் தண்ணியில கரைச்சு பழைய டூத் பிரஷ்ஷால தேய்ச்சா புஸ்ஸெண்டு நுரைச்சு வந்திடும், அந்தத் தண்ணி மூடியால உள்ள மட்டும் போகக்கூடாது. தகடு வெளியில தெரிஞ்சா அதை மூடுற அளவுக்கு மட்டும் டிஸ்டில்ட் வாட்டர் விட்டிட்டுச் சார்ஜ் பண்ணுங்கோ, மிச்சத்தைச் சார்ஜ் முடிஞ்ச பிறகு விடுங்கோ. முதலே நிரப்பினா பொங்கி அசிட் வெளியில வரும். சார்ஜ் ஆகேக்க ஹைட்ரஜன் வாயு வரும், ஹீட்டர் ஃபர்னஸுக்குப் பக்கத்தில வச்சிடாதேங்கோ.

குறை எண்டு பாத்தா, வோல்டேஜ் காட்டாது, லைற் மட்டும்தான். அதால மல்டிமீற்றர் ஒண்டு கட்டாயம் வேணும். சார்ஜரைக் கழட்டி ஒரு இரவு விட்டிட்டுப் பாருங்கோ, 12.6, 12.7 நிண்டால் நல்லம், 12.2 எண்டால் பாதிதான் இருக்கு, 12.0 எண்டால் கால்வாசி. விலையும் கடையில பக்கத்தில இருக்கிற மற்றதுகளைவிடக் கூடத்தான், ஆனால் 5 வருஷ வாரண்டி, கிளாம்பும் நட் போட்டுப் பூட்டுற வளைய வயரும் ரெண்டுமே பெட்டிக்குள்ள வருது.

லித்தியம் பற்றரிக்கு இதை வாங்காதேங்கோ, இது அதுக்கானது இல்லை. லித்தியம் அயன் ஃபொஸ்ஃபேற் பற்றரியை 0 டிகிரிக்குக் கீழ சார்ஜே பண்ணக்கூடாது, அரைவாசிச் சார்ஜில வயரைக் கழட்டிக் குளிர் குறைஞ்ச இடத்தில வச்சாலே விண்டருக்குக் காணும்.

எனக்கு ஒரு சார்ஜர்தான், ரெண்டு பற்றரிக்கும் மாத்தி மாத்திப் பூட்டுறன், குளிருக்குள்ள தானா இறங்கிறது குறைவு எண்டபடியால் அது போதும். மாத்த நேரமில்லை எண்டால் இன்னொண்டு வாங்குங்கோ, வேற வேற வகைப் பற்றரி ரெண்டை ஒண்டாப் பூட்டி ஒரு சார்ஜரில விடாதேங்கோ.