மணி தப்பாக அடிக்கிறதா? மெஷினை இறக்க விடாதீர்கள்

சாவி கொடுக்கும் பழைய பெண்டுலம் கடிகாரம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு.

எங்கள் வீட்டில் இருப்பது தாத்தா வாங்கிய ஜப்பான் செய்கோஷா கம்பெனிக் கடிகாரம். ஊருக்குப் போய்த் திரும்பியபோது நின்றிருந்தது. சாவி கொடுத்ததும் ஓடியது, ஆனால் நாலு மணிக்கு ஏழு அடித்தது. ரிப்பேர் கடையில், "மணி அடிக்கிற பல்சக்கரம் தேஞ்சு போச்சு, மெஷினை இறக்கணும்" என்று 4,500 ரூபாய் வாங்கினார்கள்.

திரும்பி வந்ததிலிருந்து மணி கணக்காக அடிக்கிறது, நாதம்தான் வேறு. டயல் ஓட்டைக்கு நடுவில் நிற்க வேண்டிய சாவித் தண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தது. சந்தேகப்பட்டு வேறொரு பெரியவரிடம் காட்டினோம். பெட்டி மரத்தில் புது ஆணித் துளைகள், பின்தகட்டில் கம்பெனி முத்திரையே இல்லை. மெஷினையே மாற்றிவிட்டார்கள்! போய்க் கேட்டால், "பழசு ஸ்கிராப்ல போயிடுச்சு" என்கிறார்கள். கொஞ்சமும் கூச்சமில்லாத பதில்.

இத்தனைக்கும் அது பழுதே இல்லை என்கிறார் அந்தப் பெரியவர். இந்த வகைக் கடிகாரத்தில் எத்தனை அடிக்க வேண்டும் என்பதை வெட்டு வெட்டான ஒரு சக்கரம் தீர்மானிக்கிறது. முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. ஒன்று முதல் பன்னிரண்டு வரை, நடுவே அரைமணிக்கு ஒன்று என 12 மணி நேரத்துக்கு 90 அடி. அந்த வரிசையை மட்டும் விடாமல் அடித்துக்கொண்டு போகும். முள்ளை ஓட்டும் ஸ்பிரிங்குக்கு முன்பே மணிக்கான ஸ்பிரிங் தீர்ந்தாலோ, அடித்து முடிக்க விடாமல் பெரிய முள்ளை வேகமாகச் சுற்றினாலோ முள் காட்டும் நேரமும் மணி அடிக்கும் கணக்கும் பிரிந்துவிடும்.

சேர்ப்பதற்குக் காசு எதற்கு? பல கடிகாரங்களில் டயலுக்குக் கீழே ஒரு கம்பி தொங்கும். அதை லேசாகத் தூக்கிவிட்டால் வரிசையில் அடுத்ததை அடிக்கும். முள் காட்டும் மணி வரும்வரை ஒவ்வொன்றாக அடிக்க விடுங்கள். இடையில் வரும் ஒற்றை அடி அரைமணிக்கானது. அப்புறம் நேரம் வைக்கும்போது பெரிய முள்ளை முன்பக்கமாகவே திருப்பி, 6-லும் 12-லும் நிறுத்தி, அடித்து முடித்த பிறகு நகர்த்துங்கள்.

நிஜமாகவே பழுது என்றால், கொடுக்கும் முன் கடைக்காரர் கண்ணெதிரே மெஷினையும் முத்திரையையும் போட்டோ எடுங்கள். கழற்றும் பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் கடிகாரத்தை விடாதீர்கள்.