சுவரின் முகத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்துவிட்டேன்

சரிவான மனையில், கான்கிரீட் பிளாக்குகளைக் காரை பூசாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பும் தடுப்புச் சுவரை ஒப்பந்தத்துக்கு விட இருப்பவர்கள், எனக்கு நேர்ந்ததைப் படித்துவிட்டு முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் சுவரின் உயரம் 3 மீட்டர். ஒரு மீட்டர் அளவிலான சிறிய சுவர் பெரும்பாலும் தன் எடையாலேயே மண்ணைத் தாங்கிவிடும். இந்த உயரத்துக்கோ, பிளாக் வரிசைகளுக்கு இடையே ஜியோகிரிட் எனும் உறுதியான பிளாஸ்டிக் வலையைச் செருகிப் பின்னுள்ள மண்ணுக்குள் நீட்டிப் புதைத்தாக வேண்டும். ஒப்பந்தக்காரர் காட்டிய வரைபடத்திலும் வலை இருந்தது. ஆனால் அதில் சுவருக்கு மேலே நிலம் சமதளமாக வரையப்பட்டிருந்தது; என் மனையிலோ சுவருக்கு மேலும் மேடு ஏறிக்கொண்டே போகிறது. மண் பரிசோதனை எதுவும் நடக்கவில்லை. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவது மழைக்காலத்தில் சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியது. வேறொரு பொறியாளர் முன்னிலையில் பின்புறத்தைத் தோண்டினோம். வலையின் நீளம் சுவர் உயரத்தில் குறைந்தது 60 சதவீதம், அதாவது 1.8 மீட்டர் இருக்க வேண்டும்; மேலே சரிவு இருந்தால் அதைவிடவும் கூடுதலாகத் தேவைப்படும். எங்களுக்குக் கிடைத்ததோ ஒரு மீட்டர் சொச்சம். வெட்டும் வேலையை மிச்சப்படுத்த, வலைச் சுருளைச் சுவரிலிருந்து மண்ணுக்குள் நீட்டாமல் சுவரின் போக்கிலேயே விரித்துவிட்டிருந்தார்கள். சுருளின் அகலமே மண்ணுக்குள் போகும் வலையின் நீளமாகிவிட்டது. இத்தகைய வலைக்கு வலிமை சுருளின் நீளவாட்டில்தான் உண்டு என்பதால், போட்ட வலையும் இழுவிசையைத் தாங்கும் திசையில் இல்லை.

பிளாக்குகளுக்குப் பின்னால் ஓரடி அகலத்துக்கு நிரப்ப வேண்டிய ஜல்லிக்குப் பதிலாக, தோண்டியெடுத்த களிமண்ணையே தள்ளியிருந்தார்கள். அடியில் துளையிட்ட வடிகால் குழாய் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதன் வாய் வெளியே எங்கும் திறக்காமல் மண்ணுக்குள்ளேயே முடிந்திருந்தது. (அதற்கும் தனியாகப் பணம் வாங்கியிருந்தார்.) தேங்கிய நீரின் அழுத்தம்தான் சுவரைத் தள்ளியது என்றார் பொறியாளர், மழை அதிகம் என்றார் ஒப்பந்தக்காரர்.

ஒவ்வோர் அடுக்கையும் மண் மூடுவதற்குள் அளவுநாடாவோடு படமெடுத்து வாங்கிய பிறகே அடுத்த தவணையைக் கொடுங்கள். என் சுவரைப் பிரித்தபோது, காரை இல்லாததால் பிளாக்குகள் சேதமின்றிக் கழன்றன. ஆனால் போதிய நீள வலைக்கு இடம் கிடைக்க, மேட்டை இன்னும் உள்ளே வெட்டிய பிறகே அவற்றைத் திரும்ப அடுக்க முடியும்.