தெருச் சண்டையில் எது கைகொடுக்கும்: மல்யுத்தமா, ஜூடோவா, ஜியு-ஜிட்ஸுவா?

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வரில் முதல் யுஎஃப்சி நடந்தது, வெவ்வேறு சண்டைக் கலைக்காரர்கள் கூண்டுக்குள் மோதும் போட்டி. எடைப் பிரிவே கிடையாது. சுமார் 80 கிலோ எடையுள்ள ஜியு-ஜிட்ஸு வீரர் ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூன்று பேரை மடக்கினார். 'எந்தச் சண்டையும் தரைக்குத்தான் போகும், பிரேசிலிய ஜியு-ஜிட்ஸு (தரையில் படுத்தபடி எதிராளியைப் பூட்டும், கழுத்தை நெரிக்கும் கலை) போதும்' என்ற பேச்சு அப்போதுதான் பரவியது. பாதிதான் சரி. அந்தக் கூண்டுக்குள் எதிரே நின்றது ஒரே ஆள், கீழே விரிப்பு. தார் ரோட்டில் மல்லாந்து படுத்து ஒருவனைக் கால்களால் பூட்டியிருக்கும்போது அவன் கூட்டாளி வந்து தலையில் உதைத்தால் என்ன செய்வது?

அதனால் நான் முதலில் பார்ப்பது, கீழே போவதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்கிறார் என்பதைத்தான். இதில் மல்யுத்தத்தை மிஞ்ச ஆளில்லை. தலையை எதிராளியின் விலாவோடு ஒட்டி, இரு முழங்கால்களுக்குப் பின்னும் கைகொடுத்து, தள்ளிக்கொண்டே போனால் பயிற்சி இல்லாதவன் சாய்ந்துவிடுவான். (ஜீன்ஸோடு முழங்காலும் தேயும், அது வேறு கதை.) நம் காலை ஒருவன் பிடிக்க வந்தால் இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி நின்றே தப்பவும் மல்யுத்தக்காரனுக்குத் தெரியும். குறை என்னவென்றால், முதுகு தரையில் படக்கூடாது என்ற பழக்கத்தில் குப்புறத் திரும்பி, பின்னாலிருந்து நெரிக்கக் கழுத்தைக் கொடுத்துவிடுவான். மேலே இருந்தாலும் ஆபத்து உண்டு: 1994 டிசம்பரில் யுஎஃப்சியில் மல்யுத்த வீரர் டான் செவர்ன் கிரேசியைப் பதினைந்து நிமிடம் கீழே அமுக்கி வைத்திருந்தார். கடைசியில் கீழே கிடந்தவரே கால்களால் கழுத்தை நெரித்து ஜெயித்தார்.

எதிராளியின் உடையைப் பிடித்துத் தரையில் எறியும் ஜூடோவுக்கு அவன் சட்டை வேண்டும். கெட்டியான ஜாக்கெட் என்றால் கொண்டாட்டம், மெல்லிய டி-ஷர்ட் கிழிந்து கையோடு வரும். ஆனால் எறிந்துவிட்டு நாம் நின்றுகொண்டிருக்கலாம், அது பெரிய லாபம். சிமெண்ட் தரையில் பின்மண்டை அடிபட்டால் உயிரே போகலாம், அப்புறம் வழக்குதான். 2010 முதல் சர்வதேச ஜூடோ போட்டிகளில் காலைப் பிடிப்பதைப் படிப்படியாகத் தடை செய்துவிட்டார்கள். அதனால் புதிதாகக் கற்பவர்களுக்கு அந்தத் தாக்குதலைத் தடுக்கவும் பழக்கமில்லை.

மூன்றுக்கும் பொதுவான பலம், எதிர்த்துத் திமிறும் ஆளோடுதான் தினமும் பயிற்சி. கத்தி என்றால் மூன்றும் வேண்டாம், ஓடிவிடுங்கள்.

இளவயது என்றால் என் ஓட்டு மல்யுத்தத்துக்கு. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஜியு-ஜிட்ஸுவில் சேரலாம், உடம்பு தாங்கும். ஆனால் உட்கார்ந்தபடியே பயிற்சியைத் தொடங்கும் இடமாக இருந்தால், வாரம் ஒரு நாளாவது நின்ற நிலையிலிருந்து தொடங்கச் சொல்லி மாஸ்டரிடம் கேளுங்கள்.