தடயவியல் மொழியியல் நினைவு நிதி: வாங்கிப் படித்தவளின் மதிப்புரை

வழக்குகளில் சாட்சியமாக வரும் பேச்சையும் எழுத்தையும் ஆராயும் துறையான தடயவியல் மொழியியலில் முதுகலை படிக்கப் பணம் தேடுகிறீர்களா? நினைவு நிதிகளிடம் பெரிய தொகையை எதிர்பார்க்காதீர்கள். நான் படித்தது அப்படி ஒன்றில்தான். இத்துறையில் பாடம் நடத்திய ஒருவர் இறந்தபின், குடும்பத்தாரும் பழைய மாணவர்களும் சேர்ந்து ஏற்படுத்தியது. கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது விண்ணப்பம். 'ஏன் இந்தத் துறை' என்ற வழக்கமான கட்டுரை கிடையாது. ஒருவர் எழுதியது என்று உறுதியாகத் தெரிந்த குறுஞ்செய்திகள் ஒரு பக்கம், அவர்தான் எழுதினாரா என்ற சந்தேகத்தில் உள்ளவை இன்னொரு பக்கம். கேள்வி ஒன்றுதான்: இவற்றை வைத்து எதைச் சொல்ல முடியாது? நான் சட்டம் படித்துவிட்டு வந்தவள். எதிர்த்தரப்பு வக்கீல் எங்கே மடக்குவார் என்று யோசித்தே பழகியவள். முற்றுப்புள்ளிக்குப் பின் இடைவெளி விடாத பழக்கம் இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால் ஊரில் எத்தனை பேர் அப்படி எழுதுகிறார்கள் என்று தெரியாமல் அது சாட்சியம் ஆகாது. அதைத்தான் எழுதினேன்.

நேர்முகத்தில் பாதி நேரம் டெரெக் பென்ட்லி வழக்கில் போயிற்று. பிரிட்டனில் ஒரு போலீஸ்காரர் கொலை வழக்கில், 1953-இல், 19 வயதில் தூக்கிலிடப்பட்டவர். அவரே தன் வாயால் சொன்னதாகப் போலீஸ் காட்டிய வாக்குமூலத்தில் 582 சொற்கள். 'பிறகு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் 'தென்' (then) மட்டும் அதில் 10 முறை. மொழியியலாளர் மால்கம் கூல்தார்ட் அதை எண்ணியதோடு நிறுத்தவில்லை. சாதாரண சாட்சிகளின் வாக்குமூலங்களையும் போலீஸ்காரர்களுடையதையும் எடுத்து வைத்து ஒப்பிட்டார். போலீஸ் நடையோடுதான் ஒத்துப்போனது. 1998-இல் தீர்ப்பு ரத்தானது. மொழி ஆய்வால்தான் ரத்தானது என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் நீதிபதி ஜூரிக்குக் கொடுத்த வழிகாட்டல் சரியில்லை என்பதே அதற்கு முக்கியக் காரணம். இதைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் சிரித்துவிட்டார்.

சரி, பணம். கல்விக் கட்டணத்தில் ஒரு பகுதி கிடைக்கும், தங்கும் செலவு உங்கள் பாடு. இரண்டாம் தவணை ஆய்வுத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே வரும். பல்கலைக்கழகக் கட்டணக் கெடுவோ அதற்கு முன்பே முடிந்துவிடும். நடுவில் கடன் வாங்கித்தான் கட்டினேன். மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் 'அறங்காவலர் கூட்டத்துக்குப் பிறகு' என்பதே பதில். நல்ல மனதோடு தொடங்கிய நிதிக்கு இப்படி ஒரு அலட்சியம் தேவையா?

ஒரு விஷயத்தில் மட்டும் தாராளம். ஒலிப்பதிவை எழுத்தாக்கத் தனித் தொகை உண்டு. என் ஆய்வு விசாரணைப் பதிவுகளில். குறுக்கே பேசியது, தயங்கியது, மௌனம் எல்லாம் குறித்து எழுதினால் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஒரு முழு நாள் போதாது. ரசீது அனுப்பினேன், இழுத்தடிக்காமல் கொடுத்தார்கள். அப்புறம், ஆண்டு முடிவில் குடும்பத்துக்கு ஒரு பக்க அறிக்கை, கலைச்சொல் இல்லாமல். முதலில் எரிச்சலாக இருந்தது. ஜூரிக்கு விளக்கப்போகிறவர்களுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

வேறு வருமானமோ கட்டணச் சலுகையோ இருந்தால் தாராளமாக விண்ணப்பியுங்கள். இதை மட்டும் நம்பிச் சேராதீர்கள். பகுதிநேரப் படிப்புக்கு உண்டா, தவணை எப்போது, இன்னொரு உதவித்தொகையோடு சேர்த்து வாங்கலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். என்னோடு படித்த ஒருவரிடம், பாதிப் படிப்பில், இரண்டில் ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள்.